தாயக்கட்டையும் தென்கடலும்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் தென்துருவக் கடல் நீரோட்டம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 'நிற்கப்போகிறதா?' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கீழே இரண்டே இரண்டு ஆண்டு அளவுகளை வைத்து ஒரு வரைபடக் கோடு. அதைப் பார்த்ததும் என் கிணற்று நோட்டுதான் ஞாபகத்துக்கு வந்தது.

நான் காங்கேயம் பக்கத்து மேட்டாங்காட்டு விவசாயி. கொஞ்சம் தென்னை, மீதி கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலம், நாலு மாடு. 1986 சித்திரையிலிருந்து, மாதம் பிறந்தால் கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் விட்டு, எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று எழுதி வருகிறேன். உரக்கடையில் கொடுக்கும் டைரிகள்தான். ஒரு தகரப்பெட்டி நிறைந்துவிட்டது. 2003 கோடையில் அடிப்பாறை தெரிந்தது. 2005 ஐப்பசி மழைக்கு மேல்படி வரை ஏறியது. 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, மறு வருடம் வெறும் சேறு. இதில் உங்களுக்கு வேண்டிய இரண்டு வருடத்தை வெட்டி எடுத்துக்கொண்டால், கிணறு செத்தது என்றும் எழுதலாம், இனிப் பஞ்சமே இல்லை என்றும் எழுதலாம்.

கோடை விடுமுறைக்கு வந்த என் மகள் வயிற்றுப் பேத்தி டைரிகளைப் புரட்டிவிட்டு, "அப்புச்சி, மழை ஒரு வருசம் பெய்யுது, ஒரு வருசம் பெய்யல. கிணறு மட்டும் ஏன் சேர்ந்தாப்புல அஞ்சாறு வருசம் ஏறி, அஞ்சாறு வருசம் இறங்குது?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியாமல் பித்தளைத் தாயக்கட்டையை எடுத்தேன். ஒரு வீச்சு ஒரு வருட மழை. விழும் எண்ணை அடியாகக் கிணற்றில் சேர்ப்பது, கிணற்றில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கைப் பாசனத்துக்குக் கழிப்பது. அவ்வளவுதான் விதி. 37 அடியில் தொடங்கி நூறு முறை உருட்டினோம். பன்னிரண்டு விழுந்தபோதெல்லாம் அவள் குதித்தாள். கோடு போட்டுப் பார்த்தால் அப்படியே என் டைரி! ஓரிடத்தில் 45 அடியிலிருந்து 32க்கு இறங்கப் பன்னிரண்டு வீச்சு பிடித்திருந்தது. கட்டைக்குப் போன வீச்சில் என்ன விழுந்தது என்று தெரியாது. கிணற்றுக்குத் தெரியும், அது பழைய தண்ணீரைச் சேர்த்து வைத்திருக்கிறது.

கிளாஸ் ஹாசல்மன் என்ற ஜெர்மன் பருவநிலை விஞ்ஞானி 1976இல் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். அன்றாடம் மாறும் காற்றும் மழையும் தாயக்கட்டை, கடல்தான் கிணறு. கடலின் மேல் மூன்று மீட்டர் தண்ணீரே முழுக் காற்றுமண்டலத்துக்குச் சமமான வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் வெளியிலிருந்து யாரும் தள்ளாமலேயே கடல் பத்து இருபது வருடக் கணக்கில் ஏறி இறங்கும். 1960களின் கடைசியில் ஐஸ்லாந்து அருகே வழக்கத்தைவிட உப்புக் குறைந்த தண்ணீர் வந்தது. ஆர்க்டிக்கிலிருந்து இறங்கிய நன்னீரும் பனியும்தான் காரணம். அது வட அட்லாண்டிக்கைச் சுற்றிவிட்டுக் கிரீன்லாந்துப் பக்கம் திரும்பியபோது 1980களே பிறந்துவிட்டது. இப்படிப்பட்ட கடலுக்கு இரண்டு வருடக் கோடு எந்த மூலைக்கு?

சரி, தென்துருவத்துக்கு வருகிறேன். அண்டார்க்டிகாவைச் சுற்றி மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் நீரோட்டத்தில் நொடிக்கு 13 கோடி கனமீட்டருக்கு மேல் தண்ணீர் போகிறது. உலகத்து ஆறுகளையெல்லாம் சேர்த்தாலும் அதில் நூறில் ஒரு பங்குதான். காற்று வலுத்தால் ஓட்டமும் அந்த அளவுக்கு வலுக்கும் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் கூடுதல் விசையில் பெரும்பகுதியை நீர்ச்சுழல்கள் தின்றுவிடுகின்றன. அந்தச் சுழல்கள் அங்கே சில பத்துக் கிலோமீட்டர் அகலம்தான். கணினியில் ஓட்டும் பல பருவநிலை மாதிரிகளிலோ ஒரு கட்டம் சுமார் நூறு கிலோமீட்டர். கோவையிலிருந்து ஈரோடு வரைக்கும் ஒரே கிணறு, ஒரே நீர்மட்டம் என்று வைத்துக்கொள்கிற மாதிரி. அதற்குள் என் கிணறும் கிடையாது, பக்கத்துத் தோட்டத்துக் கிணறும் கிடையாது. சுழல்களின் வேலையை ஒரு சூத்திரத்தால் ஈடுகட்டுகிறார்கள். அதைக் குறை சொல்லவில்லை, வேறு வழியில்லை. ஆனால் உங்கள் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லையே.

கடற்பனியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1979க்குப் பிறகான செயற்கைக்கோள் அளவுகளில் தென்துருவக் கடற்பனி 2014 வரை மெல்லக் கூடித்தான் வந்தது. 'பூமி சூடாகவே இல்லை' என்று அப்போது குதித்தவர்கள் உண்டு. 2016இல் சடாரென்று சரிந்தது, 2023 பிப்ரவரியில் அதுவரை காணாத அளவுக்குச் சுருங்கியது.

உடனே என்னை அந்தக் கட்சியில் சேர்த்துவிடாதீர்கள். கிணறு ஊஞ்சல் ஆடுவது ஒன்று, ஊஞ்சல் கட்டிய கிளையே தாழ்வது இன்னொன்று. சுற்றிலும் ஆயிரம் அடிக்கு போர் போட்ட பிறகு, நல்ல மழை வருடத்தில் கூட என் கிணற்றில் அந்தப் பழைய மேல்படி நனைவதில்லை. நாற்பது வருட டைரி இருப்பதால்தான் இதைச் சொல்ல முடிகிறது; ஐந்து வருடத்தோடு விட்டிருந்தால் மழையைத்தான் திட்டியிருப்பேன். தானாக ஆடும் ஆட்டத்திலிருந்து மனிதன் செய்ததைப் பிரித்தறியும் வழியைக் காட்டியதும் அதே ஹாசல்மன்தான். 2021இல் இயற்பியல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது.

ஆகவே ஒரு வேண்டுகோள். துருவக் கடல் பற்றி எது போட்டாலும் அது எத்தனை வருட அளவு, கையால் அளந்ததா கணினி மாதிரி சொன்னதா என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். வரைபடம் போட்டால் 1979இலிருந்து போடுங்கள். இடம் பற்றாது என்றால் ராசிபலனை ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளலாம். என் கும்ப ராசிக்கு எப்படியும் 'பொறுமை தேவை' என்றுதான் வருகிறது.

இப்படிக்கு,
ஒரு தோட்டத்துக்காரர்,
காங்கேயம் வட்டம்