தூக்குவதற்கு முன் எங்களைக் கேளுங்கள்

மதிப்பிற்குரிய மயக்கவியல் மருத்துவர்களுக்கும் அறுவை அரங்கப் பணியாளர்களுக்கும்,

வணக்கம். ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா என்னும் எலும்பு நொறுங்கும் நோயோடு பிறந்த பிள்ளையின் தாய் நான். எலும்புக்கு உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதத்தின் குறைபாட்டைப் பற்றி உங்களுக்குப் பாடம் நடத்த வரவில்லை. ஆனால் இந்தப் பிள்ளையை எங்கே பிடிக்கலாம், எங்கே பிடிக்கக் கூடாது என்பது கோப்பில் இல்லை. அது எங்கள் கைகளில் இருக்கிறது. அந்தக் கைகளை அரங்க வாசலிலேயே நிறுத்திவிடுகிறீர்கள்.

விழித்திருக்கும் பிள்ளை தன் எலும்பைத் தானே காத்துக்கொள்ளும். கை கோணினால் கத்தும். மயங்கியபின் தசை தளர்ந்துவிடும், குரலும் இருக்காது. ஆகவே முடிந்தவரை மயக்கத்துக்கு முன்பே, அதற்கு வலிக்காத வாகில் அதுவே மேசையில் படுத்துக்கொள்ளட்டும். மெத்தென்ற அணைகளை அதற்கேற்ப வையுங்கள். தூக்கியே ஆக வேண்டுமென்றால் அக்குளில் கைகொடுக்காதீர்கள். ஒரு கை பிட்டத்தின் கீழும் மற்றொன்று தோளையும் தலையையும் ஏந்தியும் இருக்கட்டும். அவசரமாக ஊசி போடும்போது கையை முறுக்கிப் பிடிக்கும் பழக்கம் இங்கே வேண்டாம்.

இரத்த அழுத்தப் பட்டை இறுக்கியே கை எலும்பு முறிந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. பட்டையின் அடியில் பஞ்சு சுற்றுங்கள், அளவு பாருங்கள், தேவைக்கு மேல் அடிக்கடி இறுக்க விடாதீர்கள். தசையைத் தளர்த்தக் கொடுக்கும் சக்சினைல்கோலின் என்னும் மருந்து முதலில் தரும் தசைத் துடிப்பும் எலும்பை முறிக்கக்கூடும். மூச்சுக்குழாய் செருகக் கழுத்தைப் பின்னுக்கு வளைப்பதிலும், எளிதில் உடையும் பற்களிலும் நீங்கள் காட்டும் கவனம் எங்களுக்குத் தெரியும், நன்றி.

அறுவையின்போது இந்தப் பிள்ளைகளின் உடல் சூடேறுவது உண்டு. பெரும்பாலும் அது நீங்கள் அஞ்சும் மாலிக்னன்ட் ஹைபர்தெர்மியா, அதாவது மயக்க மருந்தால் உயிருக்கே ஆபத்தாக உடல் சூடேறும் நிலை, அல்ல. வெப்பநிலையைத் தொடர்ந்து பார்க்காமல் வெப்பப் போர்வையைப் பழக்கத்தில் போர்த்திவிட வேண்டாம். மருந்தின் அளவையும் வயதை வைத்து முடிவு செய்யாதீர்கள், எடையைப் பாருங்கள். பத்து வயதுப் பிள்ளை மூன்று வயதுப் பிள்ளையின் உடலோடு வரலாம்.

மயக்கம் தெளியும்போது உதறிக்கொள்ளும் பிள்ளைக்குப் பக்கத்தில் எங்களில் ஒருவரை அனுமதியுங்கள்.

இன்னொன்று. உள்ளே எங்காவது முறிவுச் சத்தம் கேட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சண்டைக்கு வரமாட்டோம், முறிவு எங்களுக்குப் புதிதல்ல. தெரியாமல் முறிந்த கையையோ காலையோ பிடித்துத் தூக்கிவிடுவோமே, அதற்குத்தான் கேட்கிறோம்.

நன்றியுடன்,
ஒரு தாய்