நாலத்தனையை யாரும் நடிக்கவில்லை: போதகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பும் மதிப்பும் மிக்க போதகர்களுக்கு,

கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம். பல வருஷமாகப் பிரசங்க மேடைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவன் எழுதுகிறேன்.

விசுவாசத்தைப் பற்றி நீங்கள் பேசாத ஞாயிறு இல்லை. ஆனால் கேட்டுவிட்டு எழுந்து போகும்போது, விசுவாசம் என்றால் பெற்றுக்கொள்வது என்றே மனசில் நிற்கிறது: வேலை, சுகம், வீடு. கீழ்ப்படிதல் தலைகாட்டுவது காணிக்கையும் சபை ஒழுங்கும் பேசும் நாளில்தான். நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் எபிரெயர் 13:17 எங்களுக்கு மனப்பாடம். மந்தையை இறுமாப்பாய் ஆளாமல் அதற்கு மாதிரியாக இருக்கும்படி மூப்பர்களுக்குச் சொல்லும் 1 பேதுரு 5:3 ஏனோ அவ்வளவு பழக்கமில்லை.

பவுல் விசுவாசத்தையும் கீழ்ப்படிதலையும் பிரிக்கவில்லை. கிரியைகளினால் அல்ல, விசுவாசத்தினாலேயே மனுஷன் நீதிமானாகிறான் என்று அடித்துச் சொல்லும் ரோமர் நிருபம், விசுவாசத்திற்குக் கீழ்ப்படிவதைச் சொல்லித்தான் தொடங்குகிறது (1:5), அதைச் சொல்லித்தான் முடிகிறது (16:26). ஆபிரகாமைப் பாருங்கள். தேவன் அழைத்தபடி ஆரான் ஊரை விட்டுப் புறப்பட்டபோது வயது 75, வாக்குப்பண்ணப்பட்ட மகன் ஈசாக்கு பிறந்தபோது 100. நடுவில் இருந்த 25 வருஷத்தைப் பிரசங்கத்தில் ஒரே மூச்சில் தாண்டிவிடுகிறோம். எகிப்தில் மனைவியைச் சகோதரி என்று சொன்னதும், காத்திருக்காமல் வேலைக்காரி ஆகார் மூலம் பிள்ளை பெற்றதும் அதற்குள்தான் நடந்தன. தடுக்கி விழுந்தும் நடையை நிறுத்தாத ஆள் அவர்.

இனி என் கதை. வியாபாரத்தில் ஒருவரை ஏமாற்றிச் சேர்த்த பணம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு ஊழியரிடம் போய்ச் சொன்னேன். தலையில் கைவைத்து ஜெபித்தார். “கர்த்தர் மன்னித்துவிட்டார் பிரதர், சமாதானமாகப் போங்க” என்றார். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை, கேட்காமல் விட்டது எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

பிறகு ஒருநாள் லூக்கா 19-ஐ வாசித்தேன். வரி வசூலிப்பவர்களின் தலைவன் சகேயு இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறியதை ஞாயிறு பள்ளியில் நடித்துக் காட்டியிருக்கிறோம். நாலத்தனையை யாரும் நடிக்கவில்லை. ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினது நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காகத் திரும்ப என்று அவனே எழுந்து நின்று சொல்கிறான். “இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது” என்று இயேசு சொல்வது அதற்குப் பிறகு. பணம் கொடுத்து இரட்சிப்பை வாங்கினான் என்றாகிவிடுமோ என்று நீங்கள் தயங்குவது புரிகிறது. ஆனால் அவன் வாய் திறக்கும் முன்பே இயேசு “நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்” என்று சொல்லியாயிற்று. கிருபை முந்திக்கொண்டது. அதை நம்பினவனுடைய கைதான் பணப்பைக்குப் போனது.

நாலத்தனை கொடுக்க எனக்குத் திராணி இல்லை. வாங்கினதை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்தவரின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே நேரம் பிடித்தது. எத்தனையோ கூட்டங்களில் கையை உயர்த்தி “விசுவாசிக்கிறேன்” என்று சொன்னவன், அந்த வாசற்படியில் நா வறண்டு நின்றேன்.

இப்படி ஒருவன் உங்களிடம் வந்தால் கட்டாயம் ஜெபியுங்கள். ஜெபித்து முடித்ததும், அந்தப் பணம் யாருடையது என்றும் கேளுங்கள். தனியே போகப் பயந்தான் என்றால், கூடப் போங்கள்.

இப்படிக்கு,
கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரன்