வென்டிலேட்டருக்கு முன்னால் ஒரு வாசல் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாவட்டந்தோறும் குழந்தைகளுக்கென்று தனித் தீவிர சிகிச்சைப் பிரிவும் கூடுதல் வென்டிலேட்டர்களும் வேண்டும் என்று வற்புறுத்தும் கட்டுரையைத் தங்கள் இதழில் படித்தேன். வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் அரசு மருத்துவமனைகளின் குழந்தைகள் வார்டுகளில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற எனக்கு அதில் ஒரு குறை தெரிந்தது. கட்டுரை முழுக்க மாடியில் இருக்கும் குளிரூட்டிய அறையைப் பற்றியே பேசுகிறது. கீழே வாசலில் நடப்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

மருத்துவமனையில் இறக்கும் குழந்தைகளில் பலர், சேர்க்கப்பட்ட 24 மணி நேரத்துக்குள்ளேயே இறந்துவிடுகிறார்கள் என்று குழந்தைகளின் அவசர சிகிச்சைக்கான உலக சுகாதார நிறுவனத்தின் கையேடு சொல்கிறது. அந்த நேரத்தின் முதல் பகுதி எங்கே கழிகிறது? சீட்டு வரிசையிலும், டாக்டர் வரும்வரை உட்காரச் சொல்லும் பெஞ்சிலும்தான். வரிசையில் முந்துவது வீறிட்டு அழும் குழந்தை. சத்தம் தாங்காமல் எல்லோரும் வழிவிடுவார்கள். அப்படி அழுகிற குழந்தைக்கு மூச்சுப்பாதை திறந்திருக்கிறது, நினைவும் இருக்கிறது. அம்மாவின் தோளில் துவண்டு கிடக்க, "இப்போதுதான் அசந்து தூங்குகிறான்" என்று பாட்டி சொல்கிறாரே, அந்தக் குழந்தையைத்தான் முதலில் தொட்டுப் பார்க்க வேண்டும். கை ஜில்லென்று இருக்கிறதா, நகத்தை அழுத்தி விட்டால் மூன்று நொடிக்குள் சிவப்பு திரும்புகிறதா, மூச்சு வாங்குகிறதா, கூப்பிட்டால் கண் திறக்கிறதா? இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. கருவி எதுவும் தேவையில்லை.

மலாவி, உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. அங்கே பிளான்டயர் நகரின் குயின் எலிசபெத் மத்திய மருத்துவமனையில் 2001இல் பணிமுறையை மாற்றினார்கள். குழந்தை உள்ளே வந்தவுடன் ஆபத்தின் அளவைப் பார்த்துப் பிரிப்பது, ஆபத்தில் இருப்பவர்களுக்கு அங்கேயே சிகிச்சையைத் தொடங்குவது என்று ஆக்கினார்கள். அதற்கு முன் அங்கே சேர்க்கப்பட்ட குழந்தைகளில் 10 முதல் 18 சதவீதம் பேர் இறந்துகொண்டிருந்தார்கள். பிற்பாடு அது 6 முதல் 8 சதவீதமாகக் குறைந்தது.

நம்மிடமும் இது இல்லாமல் இல்லை. தமிழ்நாடு விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளிகளைப் பிரிக்கும் முறை இருக்கிறது. பெரிய மருத்துவமனைகளில் அது நடக்கிறது. தாலுகா மருத்துவமனையில், இரவு ஒன்பது மணிக்கு மேல், ஒரே ஒரு செவிலியர் பிரசவ அறைக்கும் வார்டுக்குமாக ஓடிக்கொண்டிருக்கும்போது வண்ணங்களை யார் பார்ப்பது? அந்த நேரத்தில் குழந்தையை முதலில் பார்ப்பவர் வாயிற்காவலர். அடுத்து, சீட்டு எழுதுபவர். இவர்களுக்கும் ஆபத்து அறிகுறிகளைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் அந்தக் கையேடே சொல்கிறது. நான் வேலை பார்த்த இடங்களில் டாக்டர்களுக்கும் எங்களுக்கும் பயிற்சி வகுப்பு நடந்ததுண்டு. காவலரை யாரும் கூப்பிட்டதில்லை. புதிய கட்டடத் திறப்பு விழாவுக்கு மட்டும் கூப்பிடுவார்கள், நாற்காலி போட.

பொதுமக்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். குழந்தை சோர்ந்துவிட்டால் "சீக்கிரம் ட்ரிப்ஸ் ஏற்றுங்கள்" என்று நெருக்குவது நம் வழக்கம். கென்யா, உகாண்டா, தான்சானியா மருத்துவமனைகளில் கடும் காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குன்றி வந்த 3,141 குழந்தைகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2011இல் வெளியானது. சலைனையோ அல்புமின் என்ற ரத்தப் புரதக் கரைசலையோ வேகமாக ஏற்றிய பிரிவுகளில் 48 மணி நேரத்துக்குள் சுமார் 10.5 சதவீதம் பேர் இறந்தார்கள். அப்படி ஏற்றாத பிரிவில் 7.3 சதவீதம். வயிற்றுப்போக்கில் வற்றிப்போன குழந்தைக்கு இது பொருந்தாது. அந்தக் குழந்தைகளை ஆய்விலேயே சேர்க்கவில்லை, அவர்களுக்குத் திரவம் உடனே வேண்டும். நம் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலும் கிருமித்தொற்றால் ரத்த ஓட்டம் குன்றி அதிர்ச்சி நிலைக்கு (ஷாக்) போன குழந்தைகளுக்கு, ஒரு பிரிவுக்கு மிக வேகமாகவும் மறுபிரிவுக்குச் சற்று நிதானமாகவும் திரவம் ஏற்றிப் பார்த்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். இறப்பில் வேறுபாடு இல்லை. வேகமாக ஏற்றியவர்களில்தான் கல்லீரல் வீக்கம் அதிகம் தெரிந்தது. உடலில் திரவம் மிஞ்சிப்போவதன் அடையாளம் அது. எனவே பாட்டிலை மாட்டிவிட்டுப் போனால் போதாது. ஒவ்வொரு முறை ஏற்றிய பிறகும் மூச்சையும் ஈரலையும் பார்க்கப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும். பணியிடங்களை நிரப்பாமல் இயந்திரம் மட்டும் வாங்குவதில் எனக்குள்ள கோபம் இதுதான்.

இன்னொன்று, "மேல் சிகிச்சைக்கு" என்று எழுதி அனுப்புவது. வலிப்பை நிறுத்தாமல், சர்க்கரை அளவைப் பார்க்காமல், ஆக்சிஜன் வைக்காமல் குழந்தையை 108இல் ஏற்றிவிட்டால், போகிற வழி முழுவதும் சிகிச்சை இல்லாத நேரம்தான். இந்த மூன்றையும் சிறிய மருத்துவமனையிலேயே செய்யலாம்.

மழைக்காலக் காய்ச்சல் தொடங்குவதற்கு முன், குழந்தைகளின் ஆபத்து அறிகுறிகளைத் தங்கள் இதழில் ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிடுங்கள். பெரிய எழுத்தில் போட்டால், அதை வெட்டிச் சீட்டு எழுதும் ஜன்னலில் ஒட்டிவைக்க என் பழைய தோழிகள் சிலர் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு செவிலியர்,
தென்காசி.