ஜெயித்தவரை மேலே அனுப்புங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோவை சிம் ரேசிங் லீக் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த செய்தியைப் படித்தேன். கம்ப்யூட்டர் திரைக்கு முன் உட்கார்ந்து ஸ்டீயரிங் பிடித்துக் கார் ஓட்டுவதையும் பந்தயமாக மதித்து இடம் கொடுத்ததற்கு நன்றி. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயப் பாதை இருக்கிறது, 2005இல் பார்முலா 1 ஓட்டிய நரேன் கார்த்திகேயனின் ஊர் இது. இந்த ஊருக்கு அது தகும். ஆனால் இரண்டாம் டிவிஷனில் சீசன் தவறாமல் கோப்பை வாங்குகிறவரைத்தான் பெரிய படத்தோடு போட்டிருந்தீர்கள். முதல் டிவிஷனுக்கு ஏறியவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நான் கணபதியில் ஒரு பட்டறையில் சிஎன்சி ஆபரேட்டர். ஷிஃப்ட் முடிந்து சாப்பிட்ட பிறகுதான் ஓட்ட நேரம் கிடைக்கும். போன சீசனில் முதல் டிவிஷனுக்கு ஏறினேன். கீழே முதல் மூன்று இடத்துக்குள் வந்துகொண்டிருந்தவனுக்கு மேலே பத்துக்குள் வருவதே பெரும்பாடாக இருக்கிறது. ஆனாலும் பந்தயம் என்றால் இதுதான் என்று இப்போதுதான் தோன்றுகிறது.

கீழ் டிவிஷனில் மோதலில் சிக்காமல் தப்பினாலே பாதி வெற்றி. இத்தாலியின் மோன்சா பாதை என்றால், நீண்ட நேர்பாதை முடிகிற முதல் சிகேனில், அதாவது அடுத்தடுத்து எதிரெதிராகத் திரும்பும் குறுகிய வளைவில், நாலைந்து கார்கள் முட்டிக்கொள்ளும். பின்னால் நிதானமாக வருகிறவருக்கு அங்கேயே சும்மா இடம் கிடைத்துவிடும். மேல் டிவிஷனில் அந்த இடத்தை யாரும் விட்டுத் தருவதில்லை. தகுதிச் சுற்றில் அரை நொடி பிந்தினால் பாதி வரிசை முன்னால் போய்விடும். அந்த அரை நொடி எங்கே போகிறது என்று தேடினால் பெரும்பாலும் பிரேக் பெடலில் இருக்கும். ஓங்கி மிதிக்க எல்லோருக்கும் தெரியும். வளைவுக்குள் திரும்பும்போது காலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதுதான் கஷ்டம். முன் டயரில் பாரம் இருக்கும்வரைதான் கார் சொன்ன பேச்சைக் கேட்கும், சட்டென்று விட்டால் மூக்கு வெளியே ஓடிவிடும். அப்புறம் பெல்ஜியத்தின் ஸ்பா பாதை. முதல் லேப்பில் முன்னால் போகிறவர் கெம்மல் நேர்பாதையில் பின்னால் வருகிறவருக்குக் காற்றைக் கிழித்துக் கொடுக்கிறார், அந்த மறைவில் வேகமெடுத்து அவர் தாண்டிவிடுவார். எப்போது முன்னால் இருக்கக்கூடாது என்பதையும் எனக்கு மேல் டிவிஷன்தான் கற்றுக்கொடுத்தது.

இப்படிக் கற்றுக்கொள்ள வாய்ப்பிருந்தும் சிலர் ஏற மறுக்கிறார்கள். எங்கள் லீக்கில் புள்ளிப்பட்டியலின் முதல் மூவர் ஏறலாம் என்பது விதி. வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறார்கள். புதிதாக வரும் பிள்ளைகள் சீசனுக்குச் சீசன் அதே ஆளுக்குப் பின்னால்தான் முடிக்கிறார்கள். இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

புள்ளியை மட்டும் பார்த்து ஏற்றுவதும் சரியில்லை. இடித்துத் தள்ளி ஜெயித்தவரும் மேலே வந்து அதையேதான் செய்கிறார். 2008இல் தொடங்கிய ஐரேசிங் என்ற ஆன்லைன் சிம் ரேசிங் தளத்தில் இதற்கு நல்ல வழி வைத்திருக்கிறார்கள். ரூக்கி என்ற தொடக்க நிலையிலிருந்து டி, சி, பி, ஏ என்று லைசென்ஸ் ஏறுவது வெற்றியால் அல்ல, பாதுகாப்பு மதிப்பீட்டால். பாதையை விட்டு இறங்கினால் 1 தவறுப் புள்ளி, கார் கட்டுப்பாட்டை இழந்தால் 2, இன்னொரு காரைப் பலமாக இடித்தால் 4. எத்தனை வளைவுக்கு ஒரு தவறுப் புள்ளி என்று கணக்கிட்டு, சீசன் முடிவில் மதிப்பீடு 3.00க்கு மேல் இருந்தால் ஏற்றுகிறார்கள், 2.00க்குக் கீழே போனால் இறக்குகிறார்கள். வேகத்துக்கு ஐரேட்டிங் என்று தனிக் கணக்கு, யாரோடு யார் ஒரே பந்தயத்தில் ஓடுவது என்பதை அது முடிவு செய்யும். இடித்தது யார் தப்பு என்று பார்க்காமல் இருவருக்கும் 4 தவறுப் புள்ளி போடுவதைப் பலர் திட்டுவார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது. பக்கத்தில் வருகிறவனுக்கு ஒரு கார் அகலம் விட்டு ஓட்டும் பழக்கம் அதனால்தான் வருகிறது.

அடுத்த சீசனுக்குப் பெயர் பதிவதற்கு முன்னால் எங்கள் அமைப்பாளர்கள் இரண்டு விதியைச் சேர்க்க வேண்டும். முதல் மூவர் கட்டாயம் மேலே போக வேண்டும். இடித்த கணக்கு ஒரு வரம்பைத் தாண்டினால் புள்ளி எவ்வளவு இருந்தாலும் ஏறக்கூடாது.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை முதல் டிவிஷன் பட்டியலை முழுதாகப் போடுங்கள், பன்னிரண்டாவது வந்தவர் பெயர் வரைக்கும். புதிதாக ஏறியவர்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கணபதி, கோவை