ஞாயிற்றுக்கிழமைத் தேர்

ஆசிரியருக்கு வணக்கம்.

வெளிநாட்டுக் கோயில்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, அங்கே சடங்குகளில் செய்யும் மாற்றங்களை எல்லாம் வசதிக்காகச் செய்த சமரசம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. எனக்கு இதில் உடன்பாடில்லை.

ஜெர்மனியில் ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில், போரால் ஊரைவிட்டுப் போன ஈழத்தமிழர்கள் எழுப்பியது. 2002இல் குடமுழுக்கு நடந்தது. கோபுரம் நிற்பது தொழிற்பேட்டையில். அம்பாளுக்குத் தீர்த்தவாரி நடப்பது சரக்குப் படகுகள் போகும் கால்வாயில். பாரிஸில் மாணிக்க விநாயகர் தேர் ஓடுவது ஞாயிற்றுக்கிழமையில். வார நாளில் லீவு கிடைக்காதவர்களும் வடம் பிடிக்க வேண்டாமா?

பூசை தொடங்கும்போது சொல்லும் சங்கல்பத்தையே பாருங்கள். நாம் எந்த மண்ணில் நின்று பூசை செய்கிறோம் என்று அதில் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில், நம் நாட்டைக் குறிக்கும் ஜம்பூத்வீபம், பாரதவர்ஷம் என்பதற்குப் பதிலாகக் கிரௌஞ்சத்வீபம், ரமணகவர்ஷம் என்று சொல்லும் கோயில்கள் உண்டு. புராணம் சொல்லும் பூகோளத்துக்குள்ளேயே புதிய மண்ணுக்கும் இடம் கண்டிருக்கிறார்கள். இது மரபை நன்றாகத் தெரிந்தவர்கள் செய்யும் வேலை.

மேல்மருவத்தூர் ஆதிபராசக்தி மன்றங்களைக் கட்டுரை தொடவேயில்லை. அது பெரிய குறை. செவ்வாடை உடுத்திய பெண்களே கருவறைக்குள் போய்ப் பூசை செய்யலாம், மாதவிலக்கு அதற்குத் தடையில்லை என்பது அங்கே தொடக்கத்திலிருந்தே உள்ள வழக்கம். குருக்களுக்கு விசா கிடைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லாத இப்படியொரு வழிபாடு லண்டனிலும் டொரொன்டோவிலும் வேர்பிடித்ததில் வியப்பில்லை.

சரி, ஊடகம் வழியாக நடக்கும் வழிபாடு? ஹரே கிருஷ்ண இயக்கமான இஸ்கான் 1966இல் நியூயார்க்கில் தொடங்கியது. 1969இல் லண்டன் பக்தர்கள் பாடிய ஹரே கிருஷ்ண மந்திரம், பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் தயாரிப்பில் இசைத்தட்டாக வந்தது. கேட்டவர்கள் கூடவே பாட முடிந்தது. கொரோனா காலத்தில் பரவிய நேரலை அப்படியில்லை. பெயரையும் நட்சத்திரத்தையும் பதிந்து பணம் கட்டினால் அர்ச்சனை முடிந்துவிடுகிறது. படுக்கையில் இருக்கும் பெரியவர்களுக்கு அது வரம்தான், மறுக்கவில்லை. ஆனால் கோயிலுக்கு வர முடிந்தவர்களும் திரை முன்னால் பார்வையாளர்களாக உட்கார்ந்துவிட்டால், தேரை இழுக்கவும் மடப்பள்ளியில் நிற்கவும் யார் மிஞ்சுவார்கள்? என் கவலை இதுதான், ஞாயிற்றுக்கிழமைத் தேர் அல்ல.

அடுத்த முறை எழுதும்போது நிர்வாகிகளோடு நிறுத்திவிடாமல், அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளிடமும் உங்கள் நிருபர் பேசட்டும். கோயிலில் என்ன வேலை தந்தால் அவர்கள் வருவார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி