மூடிக்குச் சிமென்ட் பூசிய பொறியாளர் அவர்களுக்கு

வணக்கம். எங்கள் தெருமுனை மேன்ஹோலை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை, அதன் நாற்றத்தைப் பற்றிய என் புகார்க் கடிதங்களே உங்கள் மேசையில் ஒரு கட்டு இருக்கும். போன வாரம் உங்கள் ஆட்கள் வந்து மூடியைச் சுற்றிச் சிமென்ட் பூசி, ரோட்டின் மேல் பிளீச்சிங் பவுடர் தூவி, புகார் தீர்ந்தது என்று எழுதிவிட்டுப் போனார்கள். மறுநாள் விடிகாலையில் அதே நாற்றம் எங்கள் குளியலறையில் தண்ணீர் போகும் ஓட்டை வழியாக வந்தது. அடைத்தால் காற்று வேறெங்கே போகும்?

கழிவுநீரேற்று நிலையத்தில் மோட்டார் போடும் நேரம் எங்களுக்குக் கடிகாரம் பார்க்காமலே தெரியும். இரவெல்லாம் பம்பிங் மெயினில், அதாவது அங்கிருந்து கழிவுநீரைத் தள்ளிவரும் குழாயில், தேங்கிக் கிடந்தது மொத்தமும் அப்போதுதான் இங்கே வந்து கொட்டுகிறது. அழுகிய முட்டை வாடை கிளம்பியதும் என் மகள் எழுந்து ஜன்னலைச் சாத்துகிறாள். கண்ணைக்கூடத் திறப்பதில்லை, கை தானாகத் தாழ்ப்பாளைத் தேடிப் போகிறது. அவள் கழுத்தில் இருக்கும் வெள்ளிச் சங்கிலியை எத்தனை தடவை தேய்த்தாலும் கறுத்துவிடுகிறது.

உங்களுக்குத் தெரியாததில்லை. காற்றே புகாமல் நிரம்பி ஓடும் குழாயின் உள்சுவரில் படிந்த வழவழப்பில் வாழும் பாக்டீரியா, நீரில் உள்ள சல்பேட்டைச் சல்பைடாக்குகிறது. அந்த நீர் இங்கே உயரத்திலிருந்து விழும்போது, குலுக்கித் திறந்த சோடா மாதிரி, ஹைட்ரஜன் சல்பைடு வாயு வெளியேறுகிறது. அது ஈரமான கான்கிரீட்டில் ஒட்டினால் இன்னொரு வகை பாக்டீரியா அதைக் கந்தக அமிலமாக்கிவிடும். மெல்போர்னில் பார்க்கர் என்பவர் இதைக் கண்டுபிடித்துச் சொன்னது 1945இல். ஆகவே இது புதிய நோய் என்று யாரும் சொல்ல முடியாது.

சிமென்ட் பூசுவதற்கு முன் உங்கள் ஊழியர் மூடியைத் தூக்கினார், நானும் எட்டிப் பார்த்தேன். கம்பியால் சுவரைக் குத்தினால் ஊறிய சுண்ணாம்பு போலப் பிசுபிசுவென்று உதிர்ந்தது, ஜல்லி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. இறங்கும் இரும்புப் படிகளில் இரண்டு துருவேறிக் கட்டையாகிக் கிடந்தன. வாயு அளக்கும் மீட்டர் எங்கே என்று கேட்டேன். "கொஞ்ச நேரத்துல வாடை தெரியாம போயிடும் சார்" என்றார். அதுதான் சார் பயம். பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே காட்டிக்கொடுக்கும் மூக்கு, 100 பங்கு வந்தால் மரத்துப்போகும். அதற்கு மேல் சில நூறு பங்கு ஏறினால் ஆளே போய்விடுவார்.

நான் கேட்பது ஒன்றுதான்: மருந்தை நீரேற்று நிலையத்தில் போடுங்கள், எங்கள் தெருவில் போடாதீர்கள். மெயின் தொடங்கும் இடத்திலேயே கால்சியம் நைட்ரேட்டோ இரும்பு உப்போ அளந்து விட்டால் சல்பைடு உருவாவது குறையும், அல்லது உருவானது இரும்போடு சேர்ந்து கறுப்பாக நீரிலேயே தங்கிவிடும். மெக்னீசியம் ஹைட்ராக்சைடு விட்டுக் காரத்தன்மையை ஏற்றினாலும் வாயு வெளியேறுவது வெகுவாகக் குறையும். இங்கே விழும் குழாயின் வாயை நீர்மட்டத்துக்குக் கீழே இறக்கினால் கலங்குவதும் குறையும். அதற்குப் பெரிய திட்டம்கூட வேண்டாம். மூடியை மட்டும் அடைப்பது அமிலத்துக்கு ஒரு நல்ல அறை கட்டிக்கொடுப்பதுதான்.

ஆனால் நமக்கு எப்போதும் மேல்பூச்சுதானே பிடிக்கும். இந்த ரோட்டுக்குத் தார் இரண்டு முறை போட்டாயிற்று, கீழே குழாயின் கூரை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. ஒரு லாரி உள்ளே இறங்கிய பிறகு வந்து எல்லோரும் நின்று படம் எடுப்பார்கள், தடுப்பு வைப்பார்கள், விசாரணைக்கு உத்தரவிடுவார்கள்.

சரி, கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். நீரேற்று நிலையத்தில் மருந்து விடத் தொடங்கும் தேதி, மெயின் முடிகிற இந்த மேன்ஹோலிலிருந்து கீழே போகும் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கும் தேதி, இந்த இரண்டையும் எழுத்தில் தெரிவிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அப்புறம், அடுத்த முறை மூடியைத் திறக்க அந்த ஊழியர் வரும்போது தயவுசெய்து கையில் மீட்டர் கொடுத்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மேன்ஹோலுக்கு எதிர்வீட்டுக்காரன்