ஆயிரம் ரூபாய் பென்ஷன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஓய்வூதியச் செலவு அரசுக்குப் பெரும் சுமை என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். முழுக்க அரசு ஊழியர்களைப் பற்றியே பேச்சு. தனியார் ஆலைகளில் உழைத்து ஓய்வு பெற்றவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இந்த அரசு யாரிடம் கணக்குப் பார்க்கிறது, யாருக்கு அள்ளிக் கொடுக்கிறது என்பது அவர்கள் வாங்கும் தொகையைப் பார்த்தால்தான் தெரியும்.

1995-இல் வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்ச பென்ஷன் மாதம் 1,000 ரூபாய். 2014 செப்டம்பரில் நிர்ணயித்தது. அதன்பிறகு பத்து ஆண்டுகளுக்கு மேல் ஓடியும் அது நகரவில்லை. அகவிலைப்படியும் கிடையாது. குறைந்தது 3,000 ரூபாயாவது தர வேண்டும் என்று பகத்சிங் கோஷியாரி தலைமையிலான நாடாளுமன்றக் குழு 2013-லேயே சொல்லிவிட்டது. தமிழக அரசின் முதியோர் உதவித்தொகைகூட 1,200 ரூபாய். அதுவே போதாது என்பது வேறு விஷயம். ஆனால் பி.எஃப். பிடித்தம் போக மீதிச் சம்பளம் வாங்கி வாழ்ந்தவருக்கு அதைவிடக் குறைவாகக் கிடைப்பது எந்த ஊர் நியாயம்?

இந்தத் தொகை தானாகச் சிறுத்துவிடவில்லை. பி.எஃப். கணக்கில் முதலாளி கட்டுவது சம்பளத்தில் 12 சதவீதம்; அதிலிருந்து சம்பளத்தின் 8.33 சதவீதம் பென்ஷனுக்குப் போகிறது. சம்பளம் எவ்வளவு இருந்தாலும் 15,000 ரூபாய் வரைக்கும்தான் கணக்கு என்று உச்சவரம்பு வைத்திருப்பதால், மாதம் 1,250 ரூபாய்க்கு மேல் போகாது. அரசு தன் பங்காகப் போடுவது 1.16 சதவீதம். 2014 வரை அந்த உச்சவரம்பு வெறும் 6,500. சம்பளத்தைப் பணிக்காலத்தால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் பென்ஷன். 6,500 ரூபாய் கணக்கில் பத்து வருடம் வேலை பார்த்தவருக்கு 928 ரூபாய் வரும். அதை ஆயிரமாக்கித் தருவதுதான் இந்தக் குறைந்தபட்ச பென்ஷன். உச்சவரம்பை உயர்த்திய அதே 2014-இல், பென்ஷன் கணக்குக்கான சம்பளம் கடைசி 12 மாதச் சராசரி என்றிருந்ததை, பழைய குறைந்த சம்பளமும் சேரும்படி 60 மாதச் சராசரியாக்கி, ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்கிக்கொண்டார்கள்.

என் அம்மா கோவையில் ஒரு பஞ்சாலையில் நூலைக் கோனில் சுற்றும் கோன் வைண்டிங் பிரிவில் நின்றவர். பல வருடம் ஒப்பந்தக்காரர் பெயரில் ஓட்டியதால் அந்தக் காலம் கணக்கில் ஏறவே இல்லை. பென்ஷன் ஆயிரம் ரூபாய். வருடத்துக்கு ஒருமுறை உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்கப் போனால், நூல் பிடித்துத் தேய்ந்த விரலில் ரேகை விழாது. ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்ப்பார்கள். பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வாங்கினால் மிச்சம் என்ன இருக்கும்? மூட்டு வலியோடு இன்றைக்கும் காலையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் பாத்திரம் தேய்க்கப் போகிறார். பென்ஷன் இப்படி இருந்தால், வயதானவர்களும் கிடைத்த கூலிக்கு வேலைக்குப் போகத்தான் வேண்டும். அது யாருக்கு லாபம் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது சில மில்களில் இளம்பெண்களை விடுதியில் தங்கவைத்து இரண்டு மூன்று வருடத்தில் அனுப்பிவிடுகிறார்கள். மாதப் பென்ஷனுக்கோ பத்து வருடப் பணி வேண்டும். அந்தப் பெண்களில் எத்தனை பேர் அந்தப் பத்தைத் தொடுவார்கள்?

பணம் இல்லை என்ற பேச்சை நான் ஏற்க மாட்டேன். 2019 செப்டம்பரில் ஓர் அவசரச் சட்டத்தில் கம்பெனி வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆக, புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு 15 ஆகக் குறைத்தார்கள். ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் போகும் என்று அரசே அறிவித்தது. அதற்கு மனம் வந்தது. 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில், பத்து வருடம் பணி முடித்த மத்திய அரசு ஊழியருக்குக் குறைந்தது 10,000 ரூபாய் உறுதி. அவர்கள் போராடிப் பெற்றது, அதில் எனக்கு மகிழ்ச்சிதான். அதே பத்து வருடத்துக்கு ஆலைத் தொழிலாளிக்கு மட்டும் ஏன் ஆயிரம்?

சந்தை பார்த்துக்கொள்ளும், அரசு ஒதுங்கி நிற்கிறது என்பதெல்லாம் பொய். முதலாளியின் பங்குக்கு வரம்பு கட்டியது அரசு. அகவிலைப்படி கூடாது என்று முடிவெடுத்ததும் அரசு. ஆக, அதை மாற்ற வேண்டியதும் அரசுதான். உச்சவரம்பை உயர்த்தி, குறைந்தபட்ச பென்ஷனை அகவிலைப்படியோடு மாற்றியமைக்க வேண்டும். அடுத்த முறை ஓய்வூதியம் பற்றிக் கட்டுரை போடும்போது, பி.எஃப். அலுவலகத்துக்கு வந்துபோகும் ஓய்வுபெற்ற தொழிலாளிகள் சிலரிடமும் பேசி எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பஞ்சாலைத் தொழிலாளியின் மகள்,
சிங்காநல்லூர், கோவை.